அப்பாவின் முதுகுப் படமும் நான் கேட்ட பெலனும்

போன மார்கழியில் எங்கட அப்பா படுக்கையில் விழுந்தார். விழுத்தியது முதுகு வருத்தம் மட்டும் இல்லை, நானும்தான். ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்ல வரும்போது, நான் செய்த பிழையை மறைத்துவிட்டுச் சொல்ல ஏலாது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

நாங்கள் ஊர்காவற்றுறை ஆட்கள். அப்பா பதினான்கு வயதில் கடலுக்கு இறங்கியவர். கையெழுத்து வைப்பார், வாசிக்க மாட்டார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் முதல் முதல் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போனது நான்தான். இப்போது வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். மீனவர் சங்கத்துக் கடிதம், எஞ்சின் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற துண்டு, எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். "தம்பி வாசிப்பான்" என்று அப்பா சொன்னால், வீட்டில் அதற்கு மேல் கதை இல்லை.

கார்த்திகைக் கடைசியில் வள்ளத்து எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு வரும்போது அப்பாவுக்கு இடுப்பில் பிடித்தது. நோ வலது பின்தொடை வரைக்கும் இறங்கியது. எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம், குறையவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முதுகை ஸ்கான் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வரச் சொல்லித் திகதி தந்தார்கள். யாழ்ப்பாணம் போய் எடுத்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெரிய உறை என் மடியில் இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"டாக்குத்தரிட்டைக் காட்டுவம் அப்பா."

"அதுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. நீ வாசியன்." பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "என்ர மகன். கம்பஸ் முடிச்சவன். இங்கிலீசு தண்ணி மாதிரி" என்றார்.

அந்த மனிசனும் என்னைப் பார்த்தார். நான் கடிதத்தைப் பிரித்தேன். எல்லாம் இங்கிலீசில் இருந்தது. பாதிச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. போனில் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன். பிறகு, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன்:

"முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில இருக்கிற டிஸ்க் காஞ்சு தேஞ்சு போச்சு அப்பா. ஒண்டு வெளியில தள்ளி நரம்பின்ர உறையில முட்டுது. கவனமா இல்லாட்டி கால் வழங்காமப் போயிடும், நடக்க ஏலாது."

அந்தக் கடைசி வசனம் கடிதத்தில் இல்லை. அது நான் போட்டது.

வழியில் மண்கும்பானில் பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது. முன் சீட்டுக் கம்பியை அப்பா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். புயலுக்குள் வள்ளம் ஓட்டிய மனிசன்.

அன்றைக்குப் படுத்தவர்தான். வள்ளத்தைச் சித்தப்பாவிடம் விட்டார். கிணற்றடிக்குப் போவதற்கும் அம்மாவின் தோள் வேண்டும். குனிய மாட்டார், திரும்பிப் படுக்கவும் பயம். யேசு பிறந்த நத்தார்ப் பூசைக்கு அப்பா வராதது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கிளினிக் நாள் தையில் வந்தது. அப்பா வர மாட்டேன் என்றுவிட்டார்.

"பஸ் குலுக்கிற குலுக்கில இருக்கிற நரம்பும் அறுந்துபோம். நான் வரேல்லை."

"டாக்குத்தர் பாத்தாத்தானே அப்பா வைத்தியம் செய்யலாம்."

"நீதானே வாசிச்சுச் சொன்னனீ. அவர் வேற என்னத்தை வாசிக்கப் போறார்? வெட்டோணும் எண்டுவார். வெட்டினால் என்ர கதை முடிஞ்சுது."

என்மேல் இருந்த நம்பிக்கையே அவரை டாக்குத்தரிடம் போக விடாமல் தடுத்தது. எனக்கு விளங்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாசிக்கு வேறு திகதி எடுத்து வந்தேன். அதற்குள் அப்பாவின் கால்கள் மெலியத் தொடங்கின. "நான் சொன்னது பலிக்குது" என்று நினைத்துப் பயந்தேன்.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முதல் கோயிலில் முழந்தாளில் நின்றேன். "ஆண்டவரே, அந்த ஸ்கானை மாற்றும். அதில் எழுதியிருக்கிறதைப் பொய்யாக்கும்." இதுதான் என் செபம். செபமாலை சொன்னேன், வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாதாவின் முகத்தைப் பார்த்து அழுதேன்.

தவக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறு வாசகம் வாசிக்க எனக்கு முறை வந்தது. நடுவில் ஒரு வசனம். அதன் கருத்து எனக்கு அறவே பிடிபடவில்லை. ஆனால் குரல் தடக்கவில்லை. விளங்கியவன் மாதிரி நிறுத்தி, அழுத்தி வாசித்தேன். சனம் தலை குனிந்து கேட்டது. அப்போதுதான் என் குரல் என் காதிலேயே விழுந்தது. பஸ்ஸில் அப்பாவுக்கு வாசித்ததும் இதே குரல்.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் எழும்பவில்லை. அன்றைக்குச் செபம் மாறியது. ஸ்கானை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. "எனக்குத் தெரியாது என்று அப்பாவிடம் சொல்லப் பெலன் தாரும்" என்று மட்டும் கேட்டேன். சிரிக்காதேங்கோ, எனக்கு அது பெரிய மலை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பாயடியில் இருந்தேன்.

"அப்பா, அந்தக் கடிதம் எனக்கு விளங்கேல்ல."

"எந்தக் கடிதம்?"

"ஸ்கான் கடிதம். எழுத்தை வாசிச்சனான். கால் வழங்காது எண்டது அதில இல்லை. அது நானாச் சொன்னது."

அப்பா தலைக்கடியில் கையை விட்டார். பிறகு தலையணையை எடுத்து எறிந்தார். அது என் நெஞ்சில் பட்டது.

"ரெண்டரை மாசம்! ரெண்டரை மாசம் என்னைக் கருவாடு மாதிரிக் காயப் போட்டிட்டியேடா!"

குசினியில் இருந்து அம்மா ஓடி வந்தா. "ஐயோ, கையைத் தூக்கி எறிஞ்சிட்டியள்! இடுப்பு?"

அப்பா கையைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். "நோகுதுதான். ஆனா அறுந்தமாதிரித் தெரியேல்ல" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தா. அப்பா என் பக்கம் விரலை நீட்டினார். "நான் கிளினிக்குக்கு வாறன். ஆனா இப்ப சொன்னதை டாக்குத்தருக்கு முன்னால நீ சொல்லோணும்."

அந்த மாசித் திகதிக்குப் போய், அப்படியே சொன்னேன். டாக்குத்தர் இளம் பொம்பிளைப் பிள்ளை, என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். "ஓ, நீர்தான் அந்த டாக்குத்தரோ?" என்றா. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவ படத்தை முதலில் பார்க்கவில்லை. அப்பாவைப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாய்த் தூக்கினா. பெருவிரலை மேலே தள்ளச் சொன்னா. முழங்காலில் தட்டினா. மூத்திரம், மலம் ஒழுங்காய்ப் போகுதோ என்று கேட்டா. பிறகுதான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தா.

"ஐயா, இதில இருக்கிற தேய்மானம் உங்கட வயசில கனபேருக்கு இருக்கு. ஒரு நோவும் இல்லாத ஆக்களுக்கும் இருக்கு. டிஸ்க் கொஞ்சம் பிதுங்கி உறையைத் தொடுது. நரம்பை நெரிக்கேல்ல. காலில பெலன் இருக்கு. கால் மெலிஞ்சது நீங்கள் படுத்ததால."

"அப்ப வள்ளத்தில சாயம் உரிஞ்ச மாதிரியோ பிள்ளை? ஓட்டை இல்லை?"

"ஓட்டை இல்லை ஐயா."

"வெட்டத் தேவையில்லை?"

"இப்ப இல்லை. நோவுக்குக் கொஞ்ச நாள் குளிசை, பிசியோவில காட்டுற பயிற்சி, ஒவ்வொரு நாளும் நடை. கால் நோ குறையாட்டி ஊசியைப் பற்றி யோசிப்பம். காலில பெலன் குறைஞ்சால், இல்லாட்டி நோ கனகாலம் விடாமல் நிண்டால்தான் ஒபரேசன் கதை. மூத்திரம் போக ஏலாமல் வந்தாலோ, கால் இழுத்தாலோ, திகதி பாக்காமல் அண்டைக்கே வாங்கோ."

அன்று பின்னேரமே அப்பா வாசல் படலை வரைக்கும் நடந்தார். அடுத்த கிழமை சந்தி வரைக்கும். உயிர்த்த ஞாயிறு பூசைக்கு என் கையைப் பிடிக்காமல் வந்தார். பிறகு கடலுக்கும் போனார். எஞ்சினை இப்போது இரண்டு பேராய்த்தான் தூக்குகிறார்கள். சில விடியற்காலைகளில் நோ இன்னும் வரும், அப்பா பயிற்சி செய்துவிட்டு எழும்புவார். ஸ்கானில் இருந்தது அப்படியேதான் இருக்கும். நான் கேட்ட முதல் செபத்தை ஆண்டவர் கேட்கவில்லை. இரண்டாவதைக் கேட்டார். அதில் அப்பா எழும்பினார், நானும் எழும்பினேன்.

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி தன் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு வந்தா. "எனக்கு இது விளங்காது மாமி. வாங்கோ, நாளைக்கு ஆஸ்பத்திரியில கேப்பம்" என்றேன்.

"பின்னை என்னத்துக்கடா இவ்வளவு காலம் படிச்சனீ?" என்றா மாமி.

முந்தி என்றால் முகம் கறுத்திருக்கும். இப்போது சிரிப்பு வந்தது. அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போனேன்.

சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் ஒரு உறை பிரிக்கப்படாமலோ, பாதி விளங்கியோ கிடக்கலாம். பயத்தை ஆண்டவரிடம் கொண்டு போங்கோ. கடிதத்தை டாக்குத்தரிடம் கொண்டு போங்கோ. இரண்டு இடத்திலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கோ. சொல்லப் பெலன் இல்லாவிட்டால் அதையே கேளுங்கோ. எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார். அவருக்கே என் நன்றி.