உதாரண சாரின் கடைசி உதாரணம்

உதாரண சாருக்குக் காது சுத்தமாகப் போய் ஆறு மாதமாகிறது. ஊருக்கே தெரியும். அவர் மட்டும் அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நான் வரவேற்பு மேசையில் இருப்பவள். எந்தப் பாடம் நடத்தினாலும் ஆளாளுக்கு எழுந்து ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் அந்த அறையில் இருக்கிறவர்களை வைத்தே. அதனால்தான் அந்தப் பெயர். யார் பேசினாலும் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். நானும் அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்துதான் பேசுவேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலை போனால் அவரை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

முதலாளிக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. எவனோ அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை முதலாளி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அன்றைய பாடம் ‘ஆஸ் ப்ளெய்ன் ஆஸ் த நோஸ் ஆன் யுவர் ஃபேஸ்’.

“உங்க மூஞ்சில மூக்கு இருக்குன்னு யாராவது காட்டித்தரணுமா? வேணாம்ல? அந்த மாதிரி பளிச்சுன்னு தெரியற விஷயத்துக்கு இதைச் சொல்லணும். வெட்டவெளிச்சம்னு நாம சொல்றோமே, அதேதான். ஒருத்தன் பொய் சொல்றது அப்பட்டமா தெரியுதா, அங்க போடலாம். எங்கே, உதாரணம்?”

கார் ஷோரூமில் வேலை பார்க்கும் வாய்க்கொழுப்பு பிடித்தவன் ஒருவன் எழுந்தான். புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்: நம்ம சார் டமாரச் செவிடு, அது மூஞ்சியில் இருக்கிற மூக்கு மாதிரி அப்பட்டம்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

“பிரமாதம்! இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. போர்டுல எழுதுப்பா, எல்லாரும் குறிச்சுக்கட்டும்.”

அந்தப் பாவி எழுதினான். சார் படித்தார். அவனிடமிருந்து சாக்பீஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “உனக்குத்தான் அவருக்குப் புரியற மாதிரி பேச வருமே. நாளையிலேருந்து வரவேணாம்னு நீயே சொல்லிடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சார் முகத்துக்கு நேரே போய் நின்றேன். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

ஒரே தடவையில் புரிந்துவிட்டது அவருக்கு.

“சரிம்மா” என்றார். “அவங்க சிரிச்சாங்க, போகட்டும். நீங்க ஏம்மா சிரிச்சீங்க?”