வாசலில் வைத்துப் பார்த்த படம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. கட்டிவைத்த கொத்தமல்லியைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். செங்காங் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது அறையை ஸ்டூடியோவாக்க விளக்குகள் வாங்கியபோதும் அப்படித்தான். இணையத்தில் ஒருவர் இரண்டு ஃப்ளாஷ் விளக்குகளைப் பாதி விலைக்குத் தருவதாகப் போட்டிருந்தார். பாதி விலை என்றாலே எனக்குச் சந்தேகம். அவர் வீட்டு வாசலிலேயே ஒயரை இழுக்கச் சொல்லி, இரண்டையும் மாறி மாறி மின்னவிட்டுப் பார்த்தேன். ஏன் விற்கிறீர்கள், எப்போது வாங்கினீர்கள், பெட்டி எங்கே என்று நான் துருவியதில் மனிதர் களைத்துப்போனார். "சிஸ்டர், நான் வெளிநாட்டுக்கு மாறிப் போறேன் லா. வேண்டாம்னா விட்டுடுங்க" என்றார். வாங்கி வந்து வீட்டில் இன்னொரு தடவை சோதித்தேன். பழுது ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

அறையின் கூரை தாழ்வு. ஸ்டாண்டை நிமிர்த்தினால் விளக்கு மின்விசிறியில் இடித்தது, விசிறியைக் கழற்றினோம். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் பூசிவிடும் என்பதால் சாம்பல் நிறம் அடித்தேன். "சிமெண்ட் பூசிட்டு பாதில ஓடிப்போன மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். ஸ்டாண்டுகள் சாயாமலிருக்க மணல் பை மாட்டுவார்கள். நான் தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னி அரிசிப் பைகளை மாட்டினேன். அவசரத்துக்கு அதிலிருந்து அவர் சோற்றுக்கு அரிசி எடுக்கிறாரோ என்று அவ்வப்போது தூக்கிப் பார்ப்பேன்.

அந்த அறையின் சன்னல் பொது நடைபாதையைப் பார்த்தது. தடித்த கறுப்புத் திரை போட்டும் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் ஒருநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, "உங்க வீட்ல மட்டும் டெய்லி லைட்னிங் ஆ?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். சிரித்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டிலிருந்து சிறு தொழில் செய்யலாம், ஆனால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது. இவர் எங்கேயாவது ஒரு வார்த்தை போட்டுவிட்டால் அதிகாரிகள் யாராவது வந்து நிற்பார்கள். அன்றிலிருந்து அழைப்புமணி அடித்தாலே கதவின் கண்ணாடித் துளையில் முதலில் ஒரு கண்ணை வைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

இப்படி இருந்த நாட்களில்தான் அந்தப் பெண் வந்தாள். மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று அவள் அம்மாவே அழைத்து வந்திருந்தார். நல்ல கறுப்பு நிறம், பெரிய கண்கள், பேசும்போது நேராகப் பார்க்கும் முகம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா என்னைத் தனியே இழுத்து, "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி லைட்டு போடுங்கம்மா. இவ்ளோ லைட்டு வேற எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் பெண்ணே சொன்னாள்:

"வேணாம் அக்கா. ஏற்கெனவே ஒரு ஸ்டூடியோல அப்படித்தான் எடுத்தாங்க. அதப் பார்த்துட்டு ஒரு ஃபேமிலி வீட்டுக்கு வந்தாங்க. வாசல்ல செருப்பு கழட்டும்போதே அவங்க முகம் மாறிடுச்சு. காப்பிகூட முழுசா குடிக்கல. இருக்கறத இருக்கற மாதிரி எடுங்க. இன்னொரு தடவை அப்படி ஒரு முகத்த என்னால பார்க்க முடியாது."

எடுத்தேன். அவள் முகத்தருகே சாம்பல் அட்டையைப் பிடித்து நிறத்தைச் சரிபார்த்து, கணினியிலும் எதையும் தொடாமல், அன்று அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாளோ அவளையே அச்சடித்துக் கொடுத்தேன். படத்தின் பின்னால் என் முத்திரையைக் குத்தினேன். "இப்படியே குடுத்தா யாரு வருவா?" என்று அம்மா முணுமுணுத்தார். அவள் மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றாள். அதற்கப்புறம் விளக்கைப் போடும்போதெல்லாம் அந்த அம்மாவின் முணுமுணுப்பு எனக்குக் கேட்டது. என் படத்தால் அந்தப் பெண்ணுக்கு அமைய வேண்டிய இடம் தட்டிப் போய்விடுமோ என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். என்னைப் பற்றி யார் சொன்னார்கள் என்றேன். "சொன்னாங்கம்மா" என்றார். அது போதாதா எனக்கு? சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். அறுபதைத் தாண்டியிருக்கும். சாதாரணப் பருத்திப் புடவை, தோளில் பெரிய கைப்பை. படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கண்ணாடியைத்தான் தேடுவார்கள். இவர் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. வீடு வாங்க வந்தவர்போல அறையைச் சுற்றி வந்தார். விளக்கைத் தட்டினார், திரையை விலக்கினார், அரிசிப் பையை அமுக்கிப் பார்த்தார்.

"எதுக்கு ஆன்ட்டி ஃபோட்டோ? பாஸ்போர்ட்டுக்கா?"

"சும்மாதான்."

சும்மா என்று சொல்லி யாரும் எனக்குக் காசு கொடுத்ததில்லை. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய், "இவங்க ஃபோட்டோ எடுக்க வரல. அந்த அங்கிள் சொல்லி வேவு பார்க்க வந்திருக்காங்க" என்றேன். "டீ போடவா?" என்றார் கணவர். அவரிடம் சொன்னது என் தப்பு.

திரும்பி வந்தால் அம்மையார் விளக்கின் முன்னால் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த லைட்டு கறுப்பா இருக்கறவங்கள வெள்ளையா காட்டுமா?"

"காட்ட வச்சா காட்டும். நான் வைக்கறதில்ல."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேசாமல் எடுத்தேன். பவுடர் வேண்டாம், பொட்டுக்கூட மாற்ற வேண்டாம் என்றார். சிரிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். அப்போதே ஒரு பிரதி அச்சடித்துத் தரச் சொன்னார். தாள் இயந்திரத்தைவிட்டு வெளியே வந்ததுதான் தாமதம், அதை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று அறையைவிட்டு, கூடத்தைத் தாண்டி, இரும்புக் கதவைத் தானே திறந்து வெளியே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறார், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நான் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

அவர் எங்கேயும் போகவில்லை. நடைபாதையின் கைப்பிடிச் சுவரோரம், நல்ல பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் படம். இன்னொரு கையை முழங்கை வரை படத்தோடு ஒட்டிவைத்து, படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். தேக்காவில் கடை விளக்கை நம்பாதவர்கள் புடவையை வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பார்களே, அப்படி. நானும் ஒரு புடவையையும் அப்படிப் பார்க்காமல் வாங்கியதில்லை.

பிறகு கைப்பையைத் திறந்து இன்னொரு படத்தை எடுத்தார். அந்தப் பெண்ணின் படம்.

"இது நீங்க எடுத்ததுதானே? பின்னாடி முத்திரை இருக்கு."

"ஆமா."

"என் பையனுக்குப் பேசறோம். இதப் பார்த்துட்டு அவன் சரின்னுட்டான். அடுத்த வாரம் பொண்ணு பார்க்கப் போறோம். போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்லா."

"நேர்ல போய் பார்த்தா தெரிஞ்சிடுமே ஆன்ட்டி. என்னை எதுக்கு சோதிக்கணும்?" என் குரலில் சூடு இருந்தது.

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கு ஊர்லதான்மா கல்யாணம். படத்தப் பார்த்துதான் இங்கேர்ந்து மாப்பிள்ளை வீட்டுல சரின்னாங்க. ஸ்டூடியோக்காரரு என் முகத்துக்கு வெள்ளை தீட்டி அனுப்பியிருக்காரு, எனக்கே தெரியாது. கல்யாணத்தன்னிக்குக் காலையில என் மாமியார் பையிலேர்ந்து அந்தப் படத்த எடுத்தாங்க. எல்லார் முன்னாடியும் படத்தப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்பப் படத்தப் பார்த்தாங்க. கல்யாணம் நின்னுபோகல. ஆனா சாகற வரைக்கும் என்னை ஃபோட்டோக்காரின்னுதான் கூப்பிட்டாங்க."

அவர் அந்தப் பெண்ணின் படத்தைக் கைப்பைக்குள் வைத்தார்.

"நேர்ல போனதுக்கப்புறம் என் பையன் முகம் மாறினா, அந்தப் பொண்ணு அதப் பார்த்துடும். அப்புறம் கல்யாணமே நடந்தாலும் அது மறக்காது. அதான் முன்னாடியே பார்க்க வந்தேன். சொன்னா நீங்க மாத்தி எடுத்துடுவீங்களோன்னு சொல்லல. மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடாதீங்க."

கறுப்புத் திரையைக் கட்டி, கதவுத் துளையில் கண்ணை வைத்து, நான் இத்தனை நாள் சந்தேகப்பட்டதெல்லாம் என் அறையைக் காப்பாற்ற. இவர் சந்தேகப்பட்டது இன்னும் பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்காக. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். கணவர் நிஜமாகவே டீ போட்டு வைத்திருந்தார்.

புறப்படும்போது, "என்னோடத பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். "அந்தப் பழைய படம் இன்னும் வீட்டுக் கூடத்துல தொங்குது. அத எடுத்துட்டு இத மாட்டணும்."

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"வந்தாங்க அக்கா. காப்பி முழுசா குடிச்சாங்க. தேதி பார்க்கறாங்க."

"மாப்பிள்ளையோட அம்மா எப்படி?"

"அவங்கதான் முதல்ல உள்ள வந்தாங்க. அவரே பின்னாடிதான் வந்தாரு. வந்ததுலேர்ந்து என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. எங்கம்மாவுக்குதான் பயம் விடல. நாங்க குடுத்த ஃபோட்டோ கொண்டு வந்திருக்கீங்களான்னு கேட்டுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன், இங்க எதுக்குன்னாங்க."