இன்றைக்கு பஸ் எங்கே நிற்கும்?

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருக்களைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்ட ஆரம்பித்ததும், வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் நிற்கும் இடம் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். அதனால் டிரைவர் எனக்குத்தான் போன் செய்வார், ஊருக்கெல்லாம் சொல்வது என் தலையில் விழும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், காலை வணக்க ரோஜாப்பூக்கள் வந்து அதை மூடிவிடும். புதிதாக வாடகைக்கு வந்தவர்களோ குழுவிலேயே இருக்க மாட்டார்கள்.

சங்கத்துக்கென்று இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்கள் தலைவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெப்சைட்தான் என்று ஒரே பிடி.

"பிளாக் எல்லாம் சமையல் குறிப்பு எழுதறவங்களுக்குத்தாம்மா. நம்ம காலனிக்குன்னு ஒரு கெத்து வேணாமா?"

"கெத்தை வச்சிக்கிட்டு பஸ் புடிக்க முடியுமா தலைவரே? வெப்சைட்ல ஒரு வரி மாத்தணும்னாலும் செஞ்சு குடுத்தவர் பின்னாடி அலையணும். பிளாக்னா நானே போன்ல எழுதிப் போட்டுடுவேன்."

கேட்டால்தானே! பெங்களூரில் ஒருவரிடம் சொல்லி வெப்சைட் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. முகப்பில் தலைவர் சால்வையோடு சிரித்தார். ஓரமாக, பஸ் நிற்கும் இடம்.

சீக்கிரமே அந்த இடம் மாறியது. பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போனேன். வீட்டில் விசேஷமாம், மனிதர் எடுக்கவே இல்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் தர்மபுரிப் பக்கத்துப் பெண், வெப்சைட்டை நம்பிப் பழைய இடத்தில் நின்று பஸ்ஸைத் தவறவிட்டாள். கம்பெனியில் இன்னும் பயிற்சியில் இருப்பவள். ஆட்டோ பிடித்துப் போயும் தாமதம். இன்னொரு முறை லேட்டானால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அவள் சம்பளத்தில்தான் ஊரில் குடும்பம் ஓடுகிறது. சாயங்காலம் படியில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கே பிளாக் ஒன்றைத் தொடங்கி, அதன் முகவரியை டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் ஒட்டிவிட்டு, நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"வெப்சைட்ல உங்க போட்டோ இருக்கட்டும். பஸ் சமாச்சாரம் இனிமே பிளாக்லதான்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்கூல் பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஒரு விடியற்காலை நல்ல மழை. டிரைவர் கூப்பிட்டார்.

"அக்கா, பள்ளத்துல தண்ணி நிக்குது. ஸ்கூல்கிட்ட வண்டி வராது. எல்லாரையும் மெயின் ரோட்டுக்கு வரச் சொல்லுங்க."

உடனே பிளாக்கில் போட்டேன். மாடிக்கு ஓடினால் அவள் வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஐயோ, போச்சு! வழக்கம்போல ஸ்கூல் பக்கம் போய் நின்றிருப்பாள். இருக்கிற வேலையும் போனால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அன்றைக்கு வெப்சைட்டைத் திட்டியாவது ஆற்றிக்கொண்டேன், இப்போது யாரைத் திட்ட?

அவளே கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல், தெலுங்கிலும் கன்னடத்திலும் பேச்சும் சிரிப்பும்.

"அக்கா, ஏறிட்டேன்! ஸ்கூல்கிட்ட நின்னப்ப எதுக்கும் பார்ப்போம்னு பிளாக்கைத் திறந்தேன். அங்க இருந்த எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஒரே ஓட்டம். நீங்க கூப்பிட்டது மழையில கேக்கவே இல்லக்கா."

அப்பாடா! ஈரப் படி என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் போட்ட வரியை நானே ஒருமுறை திறந்து பார்த்தேன். அதன் கீழே யாரோ பதில் எழுதியிருந்தார்கள். பெயரைப் பார்த்தால் தலைவர்!

"இப்பதான் பார்த்தேன். ஸ்கூல்கிட்ட குடையோட நிக்கிறேன். யாராச்சும் வந்தா மெயின் ரோட்டுக்குத் திருப்பி விடறேன். உங்க மாடி வீட்டுப் பொண்ணு ஏறிடுச்சாம்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கும் கீழே எழுதினேன்: "ஏறிட்டா தலைவரே. மழையில நிக்காம வீட்டுக்குப் போங்க."