மொழிபெயர்ப்பாளர் வேடம்

எண்பதுகளின் நடுவில் ஊஸ்டர் என்ற சிறு நகரில் எங்கள் குடும்பம் ஓர் அரங்கு நடத்தியது. பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். மூடிவிட்ட நெசவாலை ஒன்றின் சாப்பாட்டு மண்டபம், அதன் ஒரு பக்கத்தில் முழங்கால் உயரத்தில் மேடை, நூற்றிருபது கதிரைகள். மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நாட்டுப்பாடலும் பகிடி நாடகமும் நடக்கும். என் கணவர் டோலக் வாசிப்பார். நான் ஆர்மோனியம் வாசித்துப் பாடுவேன். சிரிக்க வைப்பது அவருடைய தம்பியின் வேலை. ஆராவிலிருந்தும் ஓர்லிகோனிலிருந்தும் ரயில் பிடித்து வந்த சனம் அவனைப் பார்க்கத்தான் வந்தது.

அவன் எங்களோடுதான் இருந்தான். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவான். அங்கே யார் எப்படி நடந்தார்கள், எப்படி மூக்கைச் சிந்தினார்கள் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வந்துவிடும். உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பை யார் வைத்திருப்பது என்று இரண்டு வீட்டார் சண்டை பிடிக்கும் நாடகத்தை அவன் நடித்தபோது, தமிழ் தெரியாத கட்டடக் காவலரும் கதவோரம் நின்று சிரித்தார்.

அந்த நவம்பரில், கடைசி ஞாயிறுக்கு முதல் நாள் காலையில், தபால்காரர் மணியடித்தார். பதிவுத் தபால். பெர்னில் அகதி விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் அலுவலகத்திலிருந்து, தம்பியின் பெயருக்கு. அவன் வேலைக்குப் போயிருந்தான். என் கணவர் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே குடும்பப் பெயர் என்பதால் தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

கடிதம் தடிப்பாக இருந்தது. அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. மெல்லிய கடிதம் என்றால் பயப்பட வேண்டாம். தடித்த கடிதம் என்றால் உன்னை ஏன் நம்பவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கு எப்போதும் சரியென்று இல்லை. ஆனாலும் கடிதத்தை இரண்டு தரம் கையில் நிறுத்துப் பார்த்தேன்.

ஞாயிறு நிகழ்ச்சிக்கு நகரசபையிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. அடுத்த ஆண்டும் மண்டபத்தை எங்களுக்குத் தருவதா என்று பார்த்துச் சொல்லப் போகிறவர்கள். அயலில் யாரோ சத்தம் என்று முறையிட்டிருந்தார்கள். தம்பி மேடையில் உடைந்துபோனால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு நாள்தானே, மேன்முறையீட்டுக்கு எப்படியும் தவணை தருவார்கள்தானே என்றும் நினைத்தேன். கடிதத்தைப் பிரிக்கவில்லை. ஆர்மோனியப் பெட்டியின் அடித்துணிக்குக் கீழே வைத்துவிட்டேன். கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று மாலை தம்பி சோறு சாப்பிட்டபடியே எனக்குப் புதுப் பகிடி ஒன்று நடித்துக் காட்டினான். நான் சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஞாயிறு ஈரப்பனி கொட்டியது. மண்டபம் நிறைந்துவிட்டது. நகரசபைக்காரர் இருவரும் முன்வரிசையில் மேற்சட்டையைக் கழற்றாமல் இருந்தார்கள். நான் பாடியபோது இரண்டு இடத்தில் சுருதி தப்பியது. இவர் டோலக்கிலிருந்து தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

இடைவேளையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருந்த அண்ணை தம்பியோடு கதைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. என்ன கதைத்தார் என்று பிறகுதான் அறிந்தேன். நேற்றுத் தபால்காரன் பதிவுக் கடிதத்தோடு உன் பெயரைக் கேட்டவன், கிடைத்ததோ என்று விசாரித்திருக்கிறார். நான் பார்த்ததெல்லாம், தம்பி திரும்பி என்னைப் பார்த்ததைத்தான். உடனே அவன் வேடம் மாற்றப் போய்விட்டான்.

இரண்டாம் பாதியில் அகதி விசாரணை நாடகம். சனம் அதற்காகவே காத்திருக்கும். தம்பி அதிகாரி. என் கணவர் விண்ணப்பதாரி. நான் இடையில் மொழிபெயர்ப்பாளர். வீட்டுக்கும் கிணற்றுக்கும் எத்தனை மீட்டர் என்று அதிகாரி கேட்பான். வெறும் வாளியோடு போகேக்கையோ, தண்ணியோடு வரேக்கையோ என்று இவர் கேட்பார். அந்த இடத்தில் மண்டபம் அதிரும். அன்றும் அதிர்ந்தது. கடைசியில் அதிகாரி, முடிவு தபாலில் வரும் என்று சொல்லி எழும்ப வேண்டும். நாங்கள் பாட்டைத் தொடங்க வேண்டும்.

அவன் எழும்பவில்லை. என் பக்கம் கதிரையைத் திருப்பினான்.

"மொழிபெயர்ப்பாளர் அம்மா, இவருக்கு ஒரு கடிதம் வந்ததாம். அது இப்ப ஆரிட்டை இருக்கு?"

சனம் சிரித்தது. அவன் குரல் அதிகாரியின் குரல்தான். கண் அவனுடையது. இவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"என்னட்டை" என்றேன்.

இன்னும் சிரித்தார்கள்.

"ஏன் உங்களட்டை?"

"நாடகம் முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

அவ்வளவு பெரிய சிரிப்பை அந்த மண்டபத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னால் சிலர் கால்களைத் தரையில் அடித்தார்கள். நகரசபைக்காரர் இருவரும் கூட, விளங்காமலே, பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி மெதுவாக எழும்பி, "முடிஞ்சுது" என்றான். பிறகு தானே பாட்டைத் தொடங்கினான். நான் ஆர்மோனியத்துக்குப் போனேன். விரல்கள் எப்படியோ வாசித்தன. அவன் ஒரு வரிகூடத் தவறவில்லை.

மேடைக்குப் பின்னால் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவன் பிரித்து, நான் கொஞ்சம் ஜெர்மன் படித்தவள் என்பதால், திரும்ப என்னிடமே தந்தான். முதல் பக்கத்தின் கீழே இருந்த சொல்லைக் கண்டுவிட்டேன். மறுத்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். சொன்னேன். அவன் தலையாட்டினான். முகத்தில் பூசியிருந்த மாவை ஈரத் துணியால் துடைத்தபடி கேட்டான்: "என்னை நம்பேல்லையோ மச்சாள்? கடிதத்தைப் பாத்தா நான் நடிக்கமாட்டன் எண்டு நினைச்சனீங்களோ?"

நான் கடிதத்தைத் திரும்ப மடித்தேன். இவர்தான் கத்தினார், என்னைப் பார்த்து. கட்டடக் காவலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மண்டபத்தை எங்களுக்கே தந்தார்கள். மகிழ்ச்சியான குடும்பம் என்று நகரசபை அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

மேன்முறையீட்டை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதித் தந்தார். அவருடைய வீட்டு மேசையில் மூன்று சனிக்கிழமை மாலைகள் இருந்தோம். தம்பி தமிழில் சொல்ல நான் ஜெர்மனில் சொன்னேன். மேடையில் பகிடியாகச் செய்ததை அங்கே உண்மையாகச் செய்தேன். ஊரில் இராணுவத்தின் தடுப்புமுகாமில் அவனுக்கு நடந்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரையாவது மொழிபெயர்க்கக் கேட்கட்டோ என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம், நீங்களே சொல்லுங்கோ என்றான்.

மேடைக்கு மட்டும் அவன் வரவில்லை. டிசம்பரில் நான் அதிகாரி வேடம் போட்டேன். சனம் மரியாதைக்குச் சிரித்தது. வசந்தம் வரை பாட்டை வைத்துச் சமாளித்தோம். கதிரைகள் காலியாகத் தொடங்கவே மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

நான்கு ஆண்டுகள் இழுத்து, அவனுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. ஆராவில் வேலை எடுத்து, அங்கேயே கலியாணமும் செய்துகொண்டான். நல்லது கெட்டதுக்கு வருவான். தன் மகளின் பிறந்தநாளில் எல்லாரையும் சிரிக்க வைப்பான். சில ஆண்டுகளுக்கு முன், இருவரும் குசினியில் தனியே நின்றபோது, நானாகவே அந்தக் கதையை எடுத்தேன்.

"அந்த ஒரு நாள் நான் நிம்மதியாக இருந்தன்தான்" என்றான். "ஆனா அதை எனக்காக நீங்கள் முடிவெடுத்திருக்கக் கூடாது."

ஓம் என்றேன். அவன் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, இந்த முறை பனி பிந்தித்தான் வரும் போலிருக்கு என்றான்.