மூன்று ஜன்னல்களுக்கும் ஒருவர்

தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் யானை சாய்த்த தென்னைகளுக்காக, இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்திருந்தார்கள்; மூன்று ஜன்னல்களுக்கும் ஒரே குமாஸ்தா.

ஒல்லியானவர், நெற்றி நிறையத் திருநீறு. ஜன்னல் மாறும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, புது ஆளாக மாட்டிக்கொள்வார். முதல் ஜன்னலில் என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "அடுத்த ஜன்னலுக்குப் போங்க" என்றார். நான் போவதற்குள் அங்கே ஓடிவந்து உட்கார்ந்து, "வாங்க, என்ன விசயமுங்க?" என்றார்.

"அவருகிட்ட எல்லாஞ் சொல்லிட்டனுங்களே!"

"அவரு எங்கீங்க எங்கிட்டச் சொல்றாரு?"

மூன்றாவது ஜன்னலில் உத்தரவை முத்திரை குத்திக் கொடுத்தார். நன்றி சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க? மொத ஜன்னல்காரருக்குச் சொல்லுங்க. பாவம், ஒத்தை ஆளாக் கெடந்து அல்லாடறாரு."

திரும்பி நடந்தேன். எனக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் நன்றிக்காகக் காத்திருந்தார்.