எண்ணிச் சொல்லாத ஆடுகள்

எங்கள் வீட்டில் ஆட்டை எண்ணிச் சொல்லமாட்டார்கள். யார் கேட்டாலும் "ஏதோ கெடக்கு" என்பதோடு சரி. விடாமல் கேட்டால் பாதியைச் சொல்வார்கள். முழுசாகச் சொன்னால் கண்பட்டுப் பட்டியே அழிந்துவிடும் என்று என் கணவருக்கு நம்பிக்கை. கல்யாணமாகி வந்த புதிதில் அதைச் சொல்லி அவரை நிறையவே கேலி செய்திருக்கிறேன். பி.ஏ. படித்த திமிர்.

அந்த வருஷம் தாடிக்கொம்புப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க் கரையில் ஒரு புல் இல்லை. ஆடுகள் சீமைக்கருவைக் காயைப் பொறுக்கித் தின்றே நாளை ஓட்டின. மேய்ச்சல் இல்லாமல் போனவர்களுக்கு நிவாரணம் உண்டு, ஆட்டுக்கு இவ்வளவு என்று வங்கியில் ஏறும், வீடு வீடாக வந்து எழுதுவார்கள் என்று மைக் வைத்துச் சொல்லிப் போனார்கள். அது வந்தால் சோளத்தட்டை வாங்கிப் போட்டு மழை வரைக்கும் சமாளித்துவிடலாம். இல்லாவிட்டால் விற்க வேண்டியதுதான். ஆட்டைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எழுத வந்தவர் பகல் பதினொன்றுக்கு வந்தார். என் கணவர் மந்தையை ஓட்டிக்கொண்டு வெகுதூரம் போயிருந்தார். பட்டி காலியாகக் கிடந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை உருப்படி என்று கேட்டார். நான் சொல்வதுதான் கணக்கு.

இருபத்தாறு. அன்று காலை படலைத் திறந்துவிட்டு மனசுக்குள் எண்ணியவளே நான்தான்.

"என்னத்த சார், ஒரு பத்து கெடக்கும்" என்றேன்.

அவர் போனில் தட்டினார். நான் விரல் வைத்தேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செருப்புகூடப் போடாமல் ரோடு வரைக்கும் ஓடிப் பார்த்தேன்.

மறுநாள் பஸ் ஏறித் திண்டுக்கல் ஆபீசுக்குப் போனேன். இதே கதையோடு எனக்கு முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். பட்டியல் மேலே போய்விட்டது, இனி திருத்த முடியாது என்று அங்கிருந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

வீட்டில் அதைச் சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் இருந்திருந்தா எட்டுன்னுல்ல சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு மோர் கேட்டார்.

பத்து ஆட்டுக்கான பணம் வந்தது. வாங்கிய தட்டையை இருபத்தாறும் தின்றன. சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அடுத்தடுத்த சந்தைகளில் பதினாறை விற்றோம். எதை விடுவது, எதை வைப்பது என்று நான்தான் பிரித்துவிட்டேன். நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டியும் வண்டியில் ஏறியது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்துக் காட்டுக்காரி வேலியோரம் நின்று, இப்ப எத்தனை கிடக்கிறது என்று கேட்டாள். என் கணவர் அருகில் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தார்.

பத்து என்றேன். அந்த வீட்டுக்கு வாழ வந்து, முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.