நனைந்த வேட்டி

கோவையில் அந்தப் பெரிய பூங்காவைத் தாண்டும்போது, சிறுவர் ரயிலின் விசில் கேட்டது. என் கை தானாகவே சேலையின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தது.

ஒன்றாம் வகுப்பு படிக்கையில் அந்த ரயிலில் பாவாடையை நனைத்துவிட்டேன். இறங்கியதும் மற்ற பிள்ளைகள் கைகாட்டிச் சிரித்தார்கள். மான்களின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவருடைய வெள்ளை வேட்டியும் ஈரமாகிவிட்டது. பூங்கா வாசலில் அவரோடு மில்லில் வேலை பார்த்தவர் எதிரே வந்தார்.

"ஏனுங்க, வேட்டியெல்லாம் நனைஞ்சிருக்குதுங்களே?"

"குழாயடியில நனைச்சுப்போட்டனுங்க" என்று அப்பா சிரித்தார்.

நான் கூனிக்குறுகி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வெட்கத்தில் கொதித்த என் கன்னத்தில் பட்ட அவருடைய காதும் சுட்டது.